அல்வாவும் சாப்பிட்டு, எடையும் குறைப்பது எப்படி?

திருநெல்வேலியில் குடியிருந்துகொண்டு உடம்பைக் குறைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. நாம் வெளியூர் போனாலும் அல்வா வாங்க வேண்டும், வெளியூரிலிருந்து யாராவது வந்தாலும் அல்வா வாங்க வேண்டும். டப்பாவில் மீந்ததை யாராவது தீர்த்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது நான்தான். எடை 70 கிலோவைத் தாண்டியதும் குறைக்கிற வேலையில் இறங்கினேன். குறைந்தது. அல்வாவை விடவில்லை. எப்படி என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் இதை அப்படியே பின்பற்றாமல் உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, எடை எதனால் ஏறுகிறது என்று பார்ப்பது. தீபாவளி, கல்யாணம் என்று சாப்பிட்ட இனிப்புதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். என் கணக்கில் முதல் குற்றவாளி டீ. ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது 20 கலோரி. ஒரு டம்ளருக்கு 2 ஸ்பூன் வீதம் தினமும் 3 டீ குடித்தால் 30 கிராம், 120 கலோரி. வாரத்துக்கு 840. வாரம் ஒருமுறை 100 கிராம் அல்வா சாப்பிட்டு, நெய்யையும் சேர்த்துத் தாராளமாக 450 என்று வைத்துக்கொண்டாலும் டீச் சர்க்கரையில் பாதியைத்தான் ஒட்டி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கும் இதுதான்: உணவில் சேர்க்கும் சர்க்கரையின் பங்கு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். டீயே அதைத் தாண்டிவிடுகிறது, அதுவும் ருசித்தோம் என்கிற நினைப்புகூட இல்லாமல்.

அதனால் டீயில் முதலில் ஒரு ஸ்பூன் ஆக்குங்கள், அப்புறம் அரை. நாக்கு கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும், பிறகு பழகிவிடும். நாலு மணிக்குப் பேசிக்கொண்டே அள்ளிப்போடுகிற மிச்சர், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த பிஸ்கட், இதெல்லாம் அடுத்து. இவற்றை நிறுத்துவதில் எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை, ஏனென்றால் இவற்றை நான் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதே இல்லை.

இப்போது அல்வாவுக்கு வருவோம். கால் கிலோ டப்பாவாக வாங்காதீர்கள். வீட்டில் இருக்கிற இனிப்பை மன உறுதியால் ஜெயிக்கலாம் என்று நினைப்பது வீண் வேலை. நெல்லையப்பர் கோவில் எதிரே கீழரத வீதியில் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். நடந்தே போய், வரிசையில் நின்று, சூடாகக் கொஞ்சம் வாங்கி அங்கேயே சாப்பிடுவது என் வழக்கம். அது துண்டாக வராது. பளபளவென்று சரிந்து வரும், விரலில் ஒட்டாது, நெய் மட்டும் மினுமினுக்கும். வாயில் போட்டதும் கடிக்க வேண்டியதில்லை, கரைந்து தொண்டைக்குள் வழுக்கிவிடும். முதல் நாலு வாய்தான் ருசி. அதற்கு மேல் திகட்டல் ஆரம்பிக்கும். இங்கே அல்வா தின்ற கையோடு கொஞ்சம் காரம் தேடுவார்கள். அந்தக் காரம் வாயைக் கழுவி மறுபடி அல்வா கேட்க வைக்கும், ஜாக்கிரதை. நான் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

வெறும் வயிற்றில் இனிப்பைத் தொடாதீர்கள். பசியோடு போனால் 50 கிராம் எந்த மூலைக்கு? கொஞ்சம் சுண்டலோ மத்தியானச் சாப்பாட்டில் காய், பருப்போ வயிற்றில் இருந்தால் கை தானாக நிற்கும். "ராத்திரி விருந்து இருக்கு" என்று காலையிலிருந்து பட்டினி கிடப்பதும் வேண்டாம். பந்தியில் உட்கார்ந்ததும் அந்தப் பட்டினி வட்டியோடு வசூல் செய்துவிடும்.

விருந்து என்றதும் சொதி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போடுவார்கள்: தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்புமாக ஒரு குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம், கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்துக்கு 4தான். ஆனால் வருஷத்தில் எத்தனை சொதி கிடைக்கிறது? அன்றைக்கு நான் சோற்றைப் பாதியாக்கி, சொதியைக் குறைக்காமல் ஊற்றிக்கொள்வேன். ரசம், மோருக்கு மறுசோறு வாங்க மாட்டேன். பாயசம் ஒரு கரண்டி. அப்பளத்தை விட்டுவிடலாம், எங்கேயும் கிடைக்கிற அப்பளம்தானே.

சுமாரான இனிப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். ஆபீசில் யாருக்காவது பதவி உயர்வு என்றால் வருகிற, டால்டா வாடை அடிக்கும் லட்டு எனக்கு வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வந்தால் வேண்டும். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி போட்டது என்று சொல்லி விற்பதை நம்பி இரண்டு மடங்கு சாப்பிடவும் வேண்டாம். எடைக் கணக்கில் அதுவும் சர்க்கரையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சர்க்கரை போடாத ஸ்வீட்டிலும் நெய் அப்படியே இருக்கிறது.

மறுநாள் காலையில் எடை மிஷினில் ஏறாதீர்கள். ஏறினால் ஒரு கிலோ கூட காட்டும், மனசு நொந்துபோகும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு விருந்தில் அது நடக்காது. உப்பும் மாவுச்சத்தும் அதிகமாகப் போனதால் உடம்பு பிடித்துவைத்த தண்ணீர்தான் அது, இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அன்றைக்குப் பட்டினியோ கூடுதல் ஓட்டமோ தண்டனையாக வேண்டாம். வழக்கமான இட்லி, வழக்கமான நடை. எடையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

அப்புறம் மனுஷர்கள். "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிராது" என்று எங்கள் அத்தை எத்தனை வாய்க்குச் சொல்வார் என்று கணக்கே இல்லை. "டயட்ல இருக்கேன் அத்தை" என்றால் வேலைக்காகாது. உடம்பு பாதியாகிவிட்டது என்று இன்னும் ரெண்டு வைப்பார். "நல்லா இருக்கு அத்தை, ராத்திரிக்கு எடுத்து வையுங்க" என்றால் சந்தோஷமாக எடுத்து வைப்பார். ராத்திரிக்குள் அது மதினி பிள்ளைகள் கைக்குப் போயிருக்கும்.

தீபாவளிக்கு வருகிற டப்பாக்களை அன்றைக்கே திறந்து பாருங்கள். பிடித்த ஒன்றை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சாயங்காலத்துக்குள் வாட்ச்மேனுக்கும் தெருவில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களுக்கும் பங்கிட்டுவிடுங்கள். நான் வைத்துக்கொள்வது அதிரசம். சுட்டவுடன் எண்ணெயை நன்றாக அழுத்திப் பிழிந்ததா என்று மட்டும் பார்ப்பேன். நாலைந்து நாள் தாராளமாகத் தாங்கும், நாளுக்கு ஒன்று, டீயோடு. அந்த டீயில் சர்க்கரை கிடையாது.