ஹர்ஸ்ட் மாளிகைக்குப் போகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவில் கடலோர நெடுஞ்சாலை 1 வழியாகக் காரில் போகிறீர்களா? சான் சிமியோனில் அரை நாளாவது ஒதுக்குங்கள். பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் 1919-ல் தொடங்கி 1947 வரை கட்டிக்கொண்டே இருந்த மாளிகை அங்கேதான், ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. வடிவமைத்தவர் ஜூலியா மோர்கன். 1958 முதல் பொதுமக்கள் பார்க்கலாம்.

உங்கள் காரில் மேலே போக முடியாது. அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மாளிகை நிர்வாகத்தின் பேருந்தில்தான் ஏற வேண்டும். டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தப் பேருந்து கிளம்பும் நேரம். அதனால் முன்பதிவு செய்துவிட்டு, கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். முதல்முறை என்றால் கீழ்த்தளப் பெரிய அறைகளைக் காட்டும் சுற்றுலாவே போதும். மாடி அறைகளுக்கான சுற்றுலாவில் படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குச் சிரமம்.

வழிகாட்டி பேசி முடித்ததும் பலர் உடனே பேருந்துக்குப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள்! அதற்கப்புறம் தோட்டத்திலும் நெப்டியூன் என்ற வெளிப்புற நீச்சல் குளத்தருகிலும் நீங்களாகவே நடக்கலாம். உள்ளரங்கு ரோமன் குளத்தைக் கட்டாயம் பாருங்கள். தரை, சுவர் எல்லாம் நீலமும் பொன்னிறமுமான சிறு சிறு கண்ணாடிச் சில்லுகள். எனக்கு மாளிகையிலேயே பிடித்த இடம் அதுதான்.

சில மைல் வடக்கே, பியட்ராஸ் பிளாங்காஸ் கடற்கரையில் யானைச் சீல்களை (பெரிய கடல்நாய்கள்) இலவசமாகவே பார்க்கலாம். இன்னும் வடக்கே, மலையும் கடலும் ஒட்டியிருக்கும் பிக் சர் பக்கம் மண்சரிவால் சாலை அடிக்கடி மூடப்படும். கிளம்பும் முன் சாலை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.