மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கப் போகிறீர்களா? லாபத்தைத் தின்னும் தவறுகள்

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போகும் தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை. ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய டி-சர்ட், ட்ராக் பேன்ட், குழந்தைத் துணி எல்லாம் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கும். வீட்டிலிருந்தபடியே ஒரு வியாபாரம் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் பலர் முதலில் வந்து நிற்பது இந்த மாதிரி இடங்களில்தான். துணிக்குத் திருப்பூர், ஈரோடு. சேலைக்குச் சேலம் பக்கத்து இளம்பிள்ளை, குஜராத்தின் சூரத். பொம்மை, கவரிங் என்றால் சென்னை சவுகார்பேட்டை. சரக்கு எதுவானாலும் புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. டி-சர்ட்டை வைத்தே சொல்கிறேன். மற்றதை உங்கள் சரக்குக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

எல்லாத் தவறுக்கும் தாய் ஒன்று உண்டு. வாங்கும் விலையை மட்டும் பார்த்து லாபத்தைக் கணக்குப் போடுவது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பீஸ் 120 ரூபாய் என்று 300 டி-சர்ட் எடுக்கிறீர்கள். 220க்கு விற்கலாம், பீஸுக்கு 100 ரூபாய், மொத்தம் 30,000 ரூபாய் லாபம் என்று மனது சொல்லும். இனி நடப்பதைப் பாருங்கள். சரக்கு விலை 36,000. அதற்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி 1,800. லாரி பார்சல், ஆட்டோ, ஏற்றுக்கூலி, பேக்கிங் கவர் எல்லாம் சேர்த்து 2,200 என்று வைத்துக்கொண்டால் கையிலிருந்து போனது 40,000. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் கறை, ஓட்டை, தையல் விட்டது என்று 24 பீஸ் தேறவில்லை. மிச்சம் 276. அதாவது உங்கள் அடக்க விலை 120 இல்லை, 145.

அதோடு முடிந்ததா? நல்ல கலர், நல்ல சைஸ் எல்லாம் முதலில் போய்விடும். 180 பீஸ் விற்றபோது கையில் வந்திருப்பது 39,600. போட்ட முதலுக்கு இன்னும் 400 ரூபாய் குறைகிறது! அப்போது அலமாரியில் இருப்பது 96 பீஸ், அதில் பெரும்பாலும் யாரும் கேட்காத சைஸ். அவற்றை 100 ரூபாய்க்கும், டேமேஜ் பீஸ்களை 30 ரூபாய்க்கும் தள்ளிவிட்டால் கடைசியில் நிற்பது 10,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவான லாபம். உங்கள் உழைப்புக்கு, போன் செலவுக்கு, பெட்ரோலுக்கு இதில் ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. இது ஒரு மாதத்தில் நடந்தால் பரவாயில்லை. ஐந்து மாதம் இழுத்தால் மாதத்துக்கு 2,000 ரூபாய்.

எனவே இந்த வியாபாரத்தில் லாபம் என்பது கடைசி மூன்றில் ஒரு பங்குச் சரக்கில்தான் இருக்கிறது. முதல் இரண்டு பங்கு முதலைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். மூட்டையின் முன்னால் நிற்கும்போது இதில் எது போகும் என்று மட்டும் பார்க்காமல், எது தங்கும் என்று பாருங்கள்.

லாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வருவது

லாட் என்று மூட்டையாகக் கட்டி விற்கும் சரக்கு பல தரத்தில் வரும். ஆர்டருக்கு மேல் கூடுதலாகத் தைத்த நல்ல பீஸ் ஒரு ரகம். தரச் சோதனையில் கழிக்கப்பட்ட செகண்ட்ஸ் ஒரு ரகம். இரண்டையும் கலந்து, பல கம்பெனி சரக்கையும் சேர்த்துக் கட்டிய மிக்ஸ் லாட் இன்னொரு ரகம். மிக்ஸ் லாட்டின் விலைதான் புதியவர்களை இழுக்கும். ஆனால் உங்களுக்கு முன்னால் யாராவது அதைக் கிளறி நல்லதைப் பொறுக்கிப் போயிருப்பார்களா என்று யோசியுங்கள். பொறுக்கிய பிறகு தங்குவது ஸ்மால், டபுள் எக்ஸ்எல், ஒருவரும் தொடாத ஒரு மஞ்சள் அல்லது பச்சை. மூட்டையின் மேலே இருக்கும் பத்து பீஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் உருவிப் பாருங்கள். பிரிக்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், "சரிங்கண்ணா, அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். அந்தப் பேட்டையில் கடைக்குப் பஞ்சமில்லை.

சைஸ் லேபிளை நம்பவே கூடாது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தைத்த துணியில் மீடியம் என்று போட்டிருப்பது பல நேரம் நம் ஊர் லார்ஜாக இருக்கும். கையில் ஒரு அளவு டேப் இருக்கட்டும். டி-சர்ட்டைச் சமமாக விரித்து ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் மார்புச் சுற்றளவு. உங்கள் வாடிக்கையாளருக்கு அந்த இஞ்ச் கணக்கைச் சொல்லி விற்றால், "சைஸ் சரியில்லை" என்று திரும்பி வருவது நன்றாகக் குறையும். முடிந்தவரை சைஸ் செட்டாக எடுங்கள். மீடியமும் லார்ஜும் கூடுதலாக, இரண்டு ஓரத்து சைஸும் குறைவாக இருக்கும் செட்டுக்குப் பீஸுக்கு 10 ரூபாய் அதிகம் கேட்டாலும் கொடுக்கலாம்.

கிலோ கணக்கில் வாங்கும்போது இன்னொரு குழப்பம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) துணியில் தைத்த ஆண்கள் லார்ஜ் டி-சர்ட் கிலோவுக்கு ஐந்தோ ஆறோதான் நிற்கும். மெல்லிய துணி என்றால் கூடுதலாக நிற்கும், குழந்தைத் துணி என்றால் இன்னும் அதிகம். ஒரு கடையின் கிலோ விலையையும் இன்னொரு கடையின் பீஸ் விலையையும் மனக்கணக்கில் ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. ஒரு கிலோவை நிறுத்தி எண்ணிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஜிஎஸ்எம் சந்தேகமாக இருந்தால் வட்டமாக வெட்டும் கட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு டேமேஜ் பீஸைக் கொடுத்து வெட்டச் சொல்லலாம். அது வெட்டும் துண்டு 100 சதுர சென்டிமீட்டர். அந்தத் துண்டின் எடையை கிராமில் பார்த்து 100 ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் கிடைத்துவிடும்.

துவைக்காமல் வாங்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஏனென்றால் இதைத் தவிர்க்க ஆகும் செலவு இரண்டு டி-சர்ட்டின் விலை, ஒரு நாள் பொறுமை. இரண்டு சாம்பிள் வாங்கி நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எப்போதும் துவைப்பது போலத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளங்கள். 70 சென்டிமீட்டர் நீளம் 5 சதவீதம் சுருங்கினால் மூன்றரை சென்டிமீட்டர் போய்விடும், போடுபவருக்கு நன்றாகவே தெரியும். பக்கவாட்டுத் தையலையும் பாருங்கள். சில துணியில் ஒரு சலவைக்குப் பிறகு அந்தத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுப் பாருங்கள், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். அடர் நிறமென்றால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியில் தேயுங்கள். சுத்தக் காட்டன் என்று சொன்னால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாகக் கையில் தட்டுப்படும்.

பெரிய பிராண்டு லேபிளோடு கிடைக்கும் சரக்கில் ஆசை வைக்காதீர்கள். நிஜமான ஏற்றுமதி மிச்சத்தில் பெரும்பாலும் லேபிளை வெட்டிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். லேபிள், டேக் எல்லாம் பளபளவென்று முழுதாக இருந்தால் அது இங்கேயே ஒட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். போலி வணிகச் சின்னம் போட்ட பொருளை விற்பவருக்கு 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தைத்தவர் மட்டுமல்ல, விற்பவரும் மாட்டுவார்.

பில், பதிவு, விதிகள்

"பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி இல்லாமல் போட்டுத் தர்றேன்" என்று கேட்கும்போது 5 சதவீதம் மிச்சம் என்றுதான் தோன்றும். வழியில் வண்டியை நிறுத்திச் சோதித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்கலாம். சரக்கு மோசமாக இருந்தால் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதற்கே சான்று இல்லை. நாளைக்குச் சிறுதொழிலுக்கான முத்ரா கடனுக்குப் போனாலும் வங்கியில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. பில்லோடு வாங்குங்கள்.

பதிவு விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சிலர் முதல் மூட்டை வாங்கும் முன்பே பயந்துபோய் ஜிஎஸ்டி எண் எடுத்துவிட்டு, பிறகு ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடாமல் தாமதக் கட்டணம் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. வேறு சிலர் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வந்தது என்று பெங்களூருக்கும் கொச்சிக்கும் பார்சல் போடுகிறார்கள். மாநிலம் தாண்டி விற்றால் விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பதே பொது விதி. சூரத்திலிருந்து வாங்குவதற்கு இந்தக் கட்டாயம் கிடையாது, விற்பதற்குத்தான்.

சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம். அதற்கு 2,000, 3,000 என்று கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பொம்மை விற்பவர்கள் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் இறங்கவே கூடாது.

கடையைப் பார்க்காமல் பணம் போடுவது

வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் "ஃபேக்டரி ரேட், சூரத் நேரடி, 50 சேலை 4,999" என்று படத்தோடு வரும். குடோன் வீடியோவும் அனுப்புவார்கள், அந்த வீடியோ வேறு யாருடையதாகவும் இருக்கலாம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே ஒரு தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு, அரசு தளத்தில் போட்டுப் பார்த்தால் அந்தப் பெயரில் கடை இருக்கிறதா, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரியும். வீடியோ காலில் வரச் சொல்லி உங்களுக்குப் பிடித்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம்.

விற்கும் பக்கத்தில் நடப்பவை

வீட்டிலிருந்து விற்கும் பெண்களை அதிகம் வாட்டுவது கடன். முதல் வாடிக்கையாளர்கள் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமாகவே இருப்பார்கள். "அக்கா, ரெண்டு நைட்டி எடுத்துக்கிறேன், ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் தந்துடறேன்." முடியாது என்று சொல்ல வாய் வராது. கடன் கொடுக்கவே கூடாது என்று சொன்னால் நம் ஊரில் வியாபாரம் நடக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு வரம்பு வைக்கலாம். பழையது தீராமல் புதியது இல்லை, அசல் விலையையாவது முதலில் வாங்கிக்கொள்வது, மொத்தக் கடன் அடுத்த லாட்டின் பாதிப் பணத்தைத் தாண்டக்கூடாது. எல்லாவற்றையும் நோட்டில் அவர்கள் கண்ணெதிரே எழுதுங்கள். முகத்துக்காகத் தள்ளுபடி கொடுப்பதும் கடன் மாதிரிதான். ஒரு அண்ணிக்கு 20 ரூபாய் குறைத்தது தெருவுக்கே தெரிந்துவிடும், பிறகு அதுதான் உங்கள் விலை.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று எழுதி ஒட்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமல் இருப்பதும் அப்படியே. கொரியரில் கேஷ் ஆன் டெலிவரி போடுபவர்கள் கவனியுங்கள். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் போன செலவு, வந்த செலவு இரண்டும் உங்கள் தலையில்தான் விழும். தெரியாத ஊருக்குப் பார்சல் போடும்போது டெலிவரி பணத்தையாவது முன்பே வாங்கிவிடுங்கள்.

சீசனைத் தவறவிடுவது பெரிய அடி. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் மூட்டை எடுக்கப் போனால் நல்ல கலர் போயிருக்கும், விலையும் ஏறியிருக்கும், தீபாவளிக்கு மறுநாள் உங்களிடம் இருப்பது பழைய சரக்கு. ஆடித் தள்ளுபடி நேரத்தில் பெரிய கடைகளே விலையை வெட்டும்போது நீங்கள் முழு விலை சொல்லி நிற்க முடியாது. ஆடிக்குள் பழையதைக் கழித்துவிட்டு ஆவணியிலிருந்து தீபாவளிச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது.

தங்கிய சரக்கு சும்மா இருப்பதும் இல்லை. பாலிதீன் கவருக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் வெள்ளை டி-சர்ட்டில் மடிப்பு மடிப்பாக மஞ்சள் படியும். ட்ராக் பேன்ட் எலாஸ்டிக் தொய்ந்துபோகும். மழைக்காலத்தில் தரையோடு வைத்த மூட்டையில் பூஞ்சை வாடை ஏறும். 60 நாளாக அசையாத பீஸை அடக்க விலைக்கே விற்றுவிடுங்கள், 90 நாளானால் அதற்கும் கீழே. "வாங்கின விலைக்குக் கீழே எப்படிக் கொடுப்பது" என்று பிடிவாதமாக வைத்திருக்கும் 9,000 ரூபாய்ச் சரக்கால், நன்றாக ஓடும் சைஸில் அடுத்த மூட்டை எடுக்கப் பணம் இல்லாமல் போகிறது.

இரண்டாவது முறை காதர்பேட்டைக்குப் போகும் முன் நோட்டில் மூன்று விஷயம் எழுதியிருக்க வேண்டும்: எந்த சைஸ் எத்தனை நாளில் தீர்ந்தது, எந்தக் கலர் தங்கியது, எந்தக் காரணத்துக்காக எத்தனை பீஸ் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தைக் கடையில் திறந்து வைத்துக்கொண்டு அதன்படி எடுங்கள், கடைக்காரர் எவ்வளவு மலிவாக வேறொன்றைக் காட்டினாலும்.