எண்ணெய்க் குழாய் தோட்டத்துக்குள் வருகிறதா? 21 நாளில் ஆட்சேபம் எழுதும் முறை

கொங்கு நாட்டில் எண்ணெய்க் குழாயை எதிர்த்து நிற்கும் உழவர்களில் பெரும்பாலோர் குழாயே கூடாது என்று சொல்வதில்லை. சாலையோரமாகக் கொண்டுபோங்கள், தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள் என்றுதான் சொல்கிறார்கள். இருகூரிலிருந்து கர்நாடகத்தின் தேவனகொந்திக்கு பாரத் பெட்ரோலியம் நிறுவனம் பதிக்கும் குழாய்க்கு எதிராகக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் எழுந்த கோரிக்கையும் இதுவே. கோரிக்கை நியாயமாக இருப்பது ஒன்று; அது சட்டம் கேட்கும் இடத்தில், சட்டம் கேட்கும் நாளுக்குள் எழுத்தில் பதிவாகியிருப்பது வேறொன்று. முதலாவதில் நம் ஊர்களுக்குக் குறையில்லை. இரண்டாவதில்தான் திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிறோம்.

இந்தக் குழாய்களுக்கு அடிப்படையாக இருப்பது 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டம். இச்சட்டம் நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. நிலத்தின் அடியில் குழாய் பதித்துப் பராமரிக்கும் ‘பயன்பாட்டு உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும், வரியையும் நீங்களே கட்டுவீர்கள், சோளமும் நிலக்கடலையும் விதைக்கலாம். ஆனால் 9ஆம் பிரிவின்படி, குழாய்க்காகக் குறித்த நிலப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தென்னையையும் கிணற்றையும் நம்பிப் பண்ணையம் செய்யும் பகுதியில் இதன் பொருள் என்னவென்று அதிகாரிகளுக்கு விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயில் தன் குழாய்க்குக் குறித்த அகலம் 20 மீட்டர். அந்த அகலத்தில் 100 மீட்டர் நீளத்துக்குத் தோட்டத்தைக் கடந்தால் 2000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 49 சென்ட் போய்விடும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பானால் அதில் சுமார் 35 தென்னைகள் நிற்கும். உங்கள் நிலத்துக்கு இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்; பின்னால் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

கெயில் விவகாரத்தை இங்கே நினைவுகூர ஒரு காரணம் உண்டு. கோவை தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் உழவர்கள் எதிர்த்தபோது, 2013 மார்ச்சில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தன; குழாயை நெடுஞ்சாலை ஓரமாகவே கொண்டுசெல்ல வேண்டும் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊரெல்லாம் வெற்றி என்று நினைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இச்சட்டத்தின் கீழான அதிகாரம் மத்திய அரசுடையது. மாநில அரசின் ஆதரவு வலிமை தருமே தவிர, உங்கள் ஆட்சேபத்துக்கு மாற்றாகாது. எந்தக் கட்சித் தலைவர் வந்து உறுதி தந்தாலும், அன்று மாலையே மனுவை எழுத உட்காருங்கள்.

‘இவ்வளவு பெரிய திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் ஏன் நடத்தவில்லை?’ என்று பலரும் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை, சூழல் கூருணர்வுப் பகுதி ஆகியவற்றின் வழியே செல்லும் குழாய்களுக்குத்தான் முன்அனுமதியைக் கட்டாயமாக்குகிறது. காங்கயத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்கும் பல்லடத்துத் தோப்புக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே சட்டம் உங்களுக்கென்று திறந்துவைத்திருக்கும் கதவு 5ஆம் பிரிவு ஒன்றுதான்: பயன்பாட்டு உரிமையை எடுக்கப்போவதாக மத்திய அரசு 3(1) பிரிவின்கீழ் வெளியிடும் அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபித்தவரை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரித்தாக வேண்டும்.

அந்த 21 நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் ஏமாந்துவிடாதீர்கள். 3(1) அறிவிக்கை இந்திய அரசிதழில் வெளிவரும். கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு, எடுக்கப்படும் பரப்பு ஆகியவை அதில் ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் கணக்கில் இருக்கும். அரசிதழின் படிகள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்த நாளிலிருந்து 21 நாள் என்று அறிவிக்கையிலேயே எழுதியிருப்பது வழக்கம். இருந்தாலும் அரசிதழ் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. வீட்டுக்கு நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. ஊருக்கு ஒரு படித்த பிள்ளையை, வாரம் ஒருமுறை அரசிதழ் இணையதளத்தில் நம் வட்டத்தின் பெயரைத் தேடிப் பார்க்கும் வேலைக்கு நியமித்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிவிக்கைக்கு முன்பே அளவைக் கருவியோடு ஆள்கள் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். நிலத்துக்குள் நுழைந்து அளக்கவும் குறிக்கல் நடவும் 4ஆம் பிரிவு தரும் அதிகாரம் 3(1) அறிவிக்கைக்குப் பின்னரே பிறக்கிறது. ‘அரசிதழ் நகலையும் உங்கள் அடையாள அட்டையையும் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்ங்க’ என்று சொன்னால் போதும். வந்த நாள், நேரம், வாகன எண் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். முடிந்தால் ஒளிப்படமும் எடுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வேலைபார்க்கும் பையன்கள். அவர்களிடம் கோபித்துப் பயனில்லை.

இனி ஆவணங்கள். சிட்டா, அடங்கல், புல வரைபடம், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் ஆகிய ஐந்தையும் இன்றே எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். நம் பகுதியில் நிலம் பங்கு பிரிந்து இரண்டு தலைமுறை ஆகியும் பட்டா தாத்தா பெயரிலேயே கிடப்பது சாதாரணம். கூட்டுப் பட்டாவானால் பங்காளிகள் ஒவ்வொருவரும் தனித்தனியே ஆட்சேபம் கொடுப்பது நல்லது; பெங்களூரில் வேலைபார்க்கும் தம்பியும் தபாலில் அனுப்பலாம். அடங்கலில் தென்னையும் கிணறும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பயிர் இருக்க ‘தரிசு’ என்று பதிவாகியிருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள்; இழப்பீடு கணக்கிடும் நாளில் அந்த ஒரு சொல் பல லட்சத்தைத் தின்றுவிடும்.

ஆட்சேப மனு எழுதுவதில்தான் அதிகக் கவனம் வேண்டும். அச்சடித்த ஒரே மனுவில் 300 பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பது போராட்டத்துக்கு அழகு, விசாரணைக்குப் பலவீனம். எல்லோருக்கும் ஒரே பதிலை எழுதி ஒரே நாளில் நிராகரித்துவிட அது வழிசெய்து தருகிறது. ‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்’ என்ற வரியை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் புல எண்ணில் மட்டுமே உண்மையாக இருக்கக்கூடிய செய்திகளை எழுதுங்கள்: கிணறு எத்தனை அடி ஆழம், குறித்த பட்டையிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவு, சொட்டுநீர்க் குழாய் எங்கே குறுக்கிடுகிறது, எத்தனை மரம், அவற்றின் வயது என்ன, குழாய் கடந்தபின் மீதித் துண்டுக்கு வண்டித்தடம் இருக்குமா, தண்ணீர் பாயுமா. கையால் வரைந்த ஒரு படத்தை இணையுங்கள்.

சட்டமே உங்கள் பக்கம் நிற்கும் இடங்களை முதலில் வையுங்கள். அறிவிக்கைக்கு முன்பு குடியிருப்பாகப் பயன்பட்ட நிலம், நிரந்தரக் கட்டடம் இருக்கும் நிலம், வீட்டைச் சார்ந்த நிலம் ஆகியவற்றின் அடியில் குழாய் பதிக்க 7ஆம் பிரிவு தடைவிதிக்கிறது. ஒரு மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலும் பதிக்கக் கூடாது. தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, அளவையாளர்கள் பல நேரங்களில் மாட்டுக்கொட்டகை என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே சாளையின் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை முகவரி ஆகியவற்றை இணைத்து, அது குடியிருப்பு என்பதை நிறுவுங்கள். வாசலும் களமும் வீட்டைச் சார்ந்தவை என்பதையும் எழுத மறக்க வேண்டாம்.

அடுத்து மாற்றுப் பாதை. ‘சாலையோரம் கொண்டுபோங்கள்’ என்று மட்டும் எழுதினால், சாத்தியமில்லை என்ற ஒற்றை வரியே பதிலாக வரும். எந்தச் சாலை, எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எதுவரை, வழியில் வரும் புறம்போக்குப் புல எண்கள் எவை, நீளம் எவ்வளவு கூடும் என்று ஊரே சேர்ந்து கிராம வரைபடத்தின்மேல் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். உங்கள் தோட்டத்தைத் தப்பவைக்க அடுத்தவர் தோட்டத்தைக் காட்டாதீர்கள். ஊர் ஒற்றுமை அங்கேதான் உடையும். வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடங்களான இட்டேரிகளைக் காட்டும்போதும் யோசியுங்கள்: இருபுறக் கிளுவை வேலியையும் எடுக்காமல் பல இட்டேரிகளில் இயந்திரம் இறங்காது.

பாதுகாப்புக் கேள்விகளும் இடம்பெறட்டும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் நகரம் கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது எரிவாயு, இது எண்ணெய் என்று அதிகாரி சொல்வார், அது சரிதான். எண்ணெயின் ஆபத்து வெடிப்பைவிடக் கசிவில் இருக்கிறது. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்த தண்ணீர் வந்ததை எடுத்துக்காட்டுங்கள். கசிவைக் கண்டறியும் ஏற்பாடு என்ன, அடைப்பு வால்வுகள் எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, கிணற்றுத் தண்ணீர் கெட்டால் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே பழைய குழாய் ஓடும் நிலமானால், அதன் அரசிதழ் அறிவிக்கையைத் தேடி எடுத்து, எந்தக் குழாய்க்காக, எவ்வளவு அகலத்தில் உரிமை எடுக்கப்பட்டது என்று வரி வரியாகப் படியுங்கள். ‘புதுக் குழாயும் அதே இடத்தில்தானே’ என்று நிறுவனத்தார் வாய்மொழியாகச் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

மனுவை, இச்சட்டத்தின்கீழ் ஆட்சேபங்களை விசாரிக்க நியமிக்கப்பட்ட ‘தகுதிவாய்ந்த அதிகாரி’யின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இன்னொரு படியை ஒப்புகையுடன் தபாலிலும் அனுப்புங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுத்த மனு இதற்கு ஈடாகாது. இந்தத் தவறால் நாள் கடந்துபோனவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

விசாரணை நாளில் கூட்டமாகப் போங்கள், ஆனால் ஒவ்வொருவராகப் பேசுங்கள். வாயால் சொன்னதை எல்லாம் எழுத்தாகவும் கொடுங்கள். அதிகாரி எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் வேண்டாம். முடிவு உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 5ஆம் பிரிவு உத்தரவே இறுதி என்று சட்டம் சொன்னாலும், உங்கள் ஆட்சேபத்துக்குப் பதிலே சொல்லாமல் நிராகரித்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்க அந்த நகல்தான் கருவி.

இதற்கு இணையாக வெளிப்போராட்டமும் நடக்கட்டும். கிராம சபைத் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றி நகல் வாங்குங்கள். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தொடர்ந்து எழுப்புங்கள். அங்கே தரப்படும் பதில்கள் எழுத்தில் இருப்பது பின்னால் உதவும். குழாய் நிறுவனம் பொதுத்துறையானால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பாதைத் தேர்வு அறிக்கையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். காத்திருப்புப் போராட்டத்துக்குக் காவல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பொக்லைனின் முன் போய் நிற்பது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: வேலையைத் தடுப்பது 15ஆம் பிரிவின்படி குற்றம், வழக்கு விழுவது முன்வரிசையில் நின்ற இளைஞர்கள் மேல்தான்.

எதிர்ப்பவர் இழப்பீட்டைப் பற்றிப் பேசலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. பேசத்தான் வேண்டும். 10ஆம் பிரிவு பயிர், மரம் முதலியவற்றின் சேதத்துக்கு இழப்பீடும், அதோடு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடும் தருகிறது. ஏக்கர் 40 லட்சம் என்று வைத்துக்கொண்டால் அரை ஏக்கருக்கு 2 லட்சம். காலத்துக்கும் மரம் வைக்க முடியாத மண்ணுக்கு அவ்வளவுதான். மதிப்பு 3(1) அறிவிக்கை நாளை வைத்துக் கணக்கிடப்படும் என்பதால், அந்த நாளை ஒட்டிப் பக்கத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சேர்த்துவையுங்கள். சாட்சிகள் முன் எழுதும் சேத மதிப்பீட்டுப் பதிவான பஞ்சநாமாவில் மரக் கணக்கைச் சரிபார்த்து, குறைந்திருந்தால் அதிலேயே ஆட்சேபம் எழுதிக் கையெழுத்திடுங்கள். தொகை போதாதென்றால் மாவட்ட நீதிபதியிடம் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக ஒரு தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். 3(1) அறிவிக்கை வந்த ஓராண்டுக்குள் உங்கள் புல எண்ணுக்கு 6ஆம் பிரிவின்படி, உரிமையை எடுப்பதாக உறுதிசெய்யும் விளம்புகை வெளிவராவிட்டால், அந்த அறிவிக்கை உங்கள் நிலத்தைப் பொறுத்தவரை காலாவதியாகிவிடும்; வேண்டுமானால் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதும் 21 நாள்தான். கோப்பை மூட்டைகட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.