பத்மினியைப் பிரிக்கும் முன்: பணமும் ஞாயிற்றுக்கிழமையும் கரையும் இடங்கள்

பழைய பிரீமியர் பத்மினி காரை வாங்கி வாசலில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவரிடம், அதைப் புதுப்பிக்கும் வேலை எப்போது முடியும் என்று கேளுங்கள். ‘தீபாவளிக்குள்ள’ என்பார். எந்தத் தீபாவளி என்பதில்தான் சிக்கல். பெரும்பாலும் கார் நின்றுபோவது திறமைக் குறைவால் அல்ல. பணத்தையும் நேரத்தையும் தப்பான வரிசையில் செலவழிப்பதால். புதிதாக இறங்குகிறவர்கள் அதே பள்ளத்தில் வரிசையாக விழுகிறார்கள். ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் அடியில் படுக்காதே என்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

ஆர்.சி.யைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது. பத்மினி தயாரிப்பு நின்றே கால் நூற்றாண்டு ஆகிறது, ஆகவே உங்கள் கார் எந்த வரிசையில் வரும் என்று கேட்கவே வேண்டாம். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி.

ஆர்.சி. விற்பவரின் காலமான அப்பா பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லோருடைய கையெழுத்தும் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். வண்டியில் பொறித்த சேஸி எண்ணின் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் மாற்றியிருந்தாலும் நிறம் மாற்றியிருந்தாலும் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு மட்டும்தான். அன்றாடம் ஓட்ட நினைப்பவருக்கு அது உதவாது.

முதல் மாதமே மொத்தமாகப் பிரித்துப் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஆர்வம் உச்சத்தில் இருக்கும் முதல் இரண்டு ஞாயிறுகளில் சீட்டு, டாஷ்போர்டு, கதவு, கண்ணாடி, வயரிங், இன்ஜின் எல்லாம் வெளியே வந்துவிடும். பிரிப்பதற்குக் காசு வேண்டாம், ஸ்பானர் போதும். அதனால் வேலை ஜோராக நடப்பதுபோல் தெரியும். மூன்றாவது ஞாயிறு கல்யாணம், நான்காவது ஞாயிறு மழை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மாடிப்படிக்குக் கீழே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போல்ட்டுகள் எல்லாம் கலந்து கிடக்கும். கதவுக் கீல் போல்ட் எது, பம்பர் போல்ட் எது என்று பிரித்தவருக்கே தெரியாது.

அந்தப் பாட்டிலிலிருந்துதான் செலவு தொடங்குகிறது. பத்மினி ஃபியட் வழி வந்த வண்டி. பல இடங்களில் 10 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி 1.25 மி.மீ. தெருமுனை ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கொடுப்பது 1.5. கையால் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். ஸ்பானர் போட்டு ஏற்றிவிட்டால் உள்மரை போச்சு. எட்டணா பெறாத போல்ட்டுக்காக லேத்துக்காரரிடம் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது துரு. கடலோர ஊரில் பெயிண்ட் உரித்த தகடு ஒரே ராத்திரியில் பழுப்பேறும். உரித்த அன்றே எபாக்ஸி பிரைமர் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு) அடிக்கப் பணமும் நேரமும் இல்லையென்றால் உரிக்கவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் தகட்டு வேலையைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, பாடி கோணுவது. வெளிநாட்டு வீடியோக்களில் பாடியைத் தனியாகத் தூக்கி வைப்பதைப் பார்த்துவிட்டு இங்கேயும் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் மதராசில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குத் தனிச் சேஸி (அடிச்சட்டம்) உண்டு, அதற்கு அது சரி. பத்மினிக்குத் தனிச் சேஸி கிடையாது, பாடியேதான் சேஸி. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பெட்டிதான் காரின் முதுகெலும்பு. கதவைக் கழற்றி, தாங்கல் கொடுக்காமல், இரண்டு பக்கச் சில்லையும் ஒரே நேரத்தில் வெட்டினால் நடுப்பகுதி சில மில்லிமீட்டர் தொய்யும். புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தபிறகு கதவு மூடாது. அதைச் சரிசெய்ய மறுபடி வெட்ட வேண்டும்; டிங்கரிங் (தகட்டு வேலை) கூலி இரண்டாவது முறை.

சரியான முறை இதுதான். வண்டியைச் சமதரையில், சக்கரத்தின் மேலேயே நிறுத்துங்கள். கதவு இடைவெளியில் ஒரு அங்குலச் சதுரக் குழாயைக் குறுக்காகவும் நெடுக்காகவும் வெல்டு வைத்துத் தாங்கல் கொடுங்கள். ஒரு பக்கச் சில்லை மட்டும் வெட்டுங்கள். சில்லுக்கும் தரைக்கும் 18 கேஜ் தகடு, வெளிப்பாடிக்கு 20 கேஜ். கேஸ் வெல்டிங் சூட்டில் மெல்லிய தகடு நெளியும், சி.ஓ.டூ. வெல்டிங்கில் புள்ளிபுள்ளியாக இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். முழுத் தையல் போடும் முன் கதவை மாட்டி மூடிப் பாருங்கள். இந்தப் பக்கம் முடிந்து பிரைமர் ஏறியபிறகே அந்தப் பக்கம்.

கடைசியாக, விலை. ஓடுகிற பத்மினியை அலுத்துப்போனால் விற்கலாம். ஓடாததைக்கூடக் குறைத்து விற்கலாம். ஆறு அட்டைப்பெட்டியும் ஒரு கூடுமாகக் கிடப்பதை ஏதாவது விடுபட்டிருக்கும் என்ற பயத்தில் யாரும் வாங்கமாட்டார்கள். கடைசியில் இரும்பு விலைதான்.

ஆகவே வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள், காரை அல்ல. முதலில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள். பிறகு இருக்கிற இன்ஜினை ஓடவைப்பது. பிறகு தரையும் சில்லும், வயரிங், பெயிண்ட், கடைசியில் சீட்டு. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கார் தன் காலில் தெருமுனைவரை போய்வர வேண்டும். கழற்றும் ஒவ்வொரு பாகத்தின் போல்ட்டும் தனி ஜிப் கவரில், துளி ஆயிலும் ஓர் அட்டைச் சீட்டுமாகப் போகட்டும். சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆயிலில் கரைந்துவிடும்.

கெடும் பொருளை முதலில் வாங்குவது

போனஸ் வந்ததும் புது டயர், புது பேட்டரி, பீடிங் (கதவோர ரப்பர்) செட் என்று வாங்கி அடுக்குகிறார்கள். கார் ரோட்டுக்கு வரும்போது டயர் வெடிப்பு விட்டிருக்கும், பேட்டரி செத்திருக்கும், வாரண்டியும் முடிந்திருக்கும். ரப்பர், பேட்டரி, பிரேக் ஆயில் எல்லாம் மாட்டும் வாரத்தில் வாங்க வேண்டியவை.

இன்ஜினும் இந்தக் கணக்கில்தான் சேரும். 1089 சி.சி. இன்ஜினின் சிலிண்டர் துளைகளைக் கடைந்து (போர் அடித்து), கிராங்க் கிரைண்டிங் செய்து, புது ரிங் போட்டு, இரண்டு வருஷம் மூலையில் வைத்தால் போரில் துரு பூத்து ரிங் ஒட்டிக்கொள்ளும். வைத்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு பிளக் துளையிலும் 10 மி.லி. ஆயில் விட்டு, மேனிஃபோல்டு வாய்களை அடைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

கண்ட இடத்தில் வாங்க வேண்டியது நேர்மாறான சாமான்: கிரில், விளக்குக் கண்ணாடி, மீட்டர், குரோம் பட்டை, கைப்பிடி. 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் ஓய்வுபெற்றது. டாக்சிகளை நம்பி இருந்த கிராக்கி போனபின் இந்த மாதிரிச் சாமான் யாரும் புதிதாகச் செய்யப்போவதில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் நல்ல கிரில் கண்ணில் பட்டால் அந்த மாத இன்ஜின் காசை எடுத்துக் கொடுத்துவிடலாம், இன்ஜின் காத்திருக்கும்.

பர்சனல் லோன்

வேண்டாம். இ.எம்.ஐ. அடுத்த மாதமே வரும், டிங்கர் வரமாட்டார்.

மாதக் காசு முழுவதையும் திட்டத்தில் எழுதிவிடுவது

மாதம் 8,000 ஒதுக்க முடிகிறவருக்கு ஆண்டுக்கு 96,000. அதில் 30,000-ஐத் தொடாமல் வையுங்கள். தரை விரிப்பைத் தூக்கியபிறகு தெரியும் ஓட்டைகளுக்கு அது. மீதி 66,000-க்குள் எந்தக் கட்டம் அடங்குமோ அதை மட்டும் இந்த ஆண்டு திறங்கள். நோட்டில் ‘இதர செலவு’ என்று ஒரு பத்தி கட்டாயம்: உப்புத்தாள், கட்டிங் வீல், தின்னர், ஆட்டோ வாடகை. சில்லறைதானே என்று விட்டால் இந்தப் பத்தி பெயிண்ட் செலவை எட்டிப்பிடிக்கும்.

கிடைத்த நேரமெல்லாம் ஒன்று என்று நினைப்பது

ஷெட்டைத் திறந்து, விளக்கு மாட்டி, போன வாரம் எங்கே விட்டோம் என்று யோசிப்பதிலேயே அரை மணி போகும். எடுத்து வைத்துக் கை கழுவ இன்னொரு அரை மணி. இரண்டு மணி நேரம் கிடைத்தால் வேலை ஒரு மணிதான். நான்கு மணி கிடைத்தால் மூன்று. வாரம் இரண்டு முறை இரண்டிரண்டு மணி என்பதைவிட ஒரே ஞாயிறு காலை நான்கு மணி நேரம் லாபம்.

வார நாள் இரவு இருபது நிமிடத்துக்கு வேறு வேலை இருக்கிறது: கார்புரேட்டர் ஜெட் ஊதுவது, வயர் பிரஷ் போடுவது, போல்ட் சீட்டு எழுதுவது. கிளம்பும் முன் அடுத்த வாரத்தின் முதல் வேலையை ஒரு மாஸ்கிங் டேப்பில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுங்கள். ‘இடது பின் டிரம், ஸ்ப்ரிங் மட்டும் பாக்கி’ என்ற ஒரு வரி போதும்.

டிங்கருக்கு மொத்தமாக அட்வான்ஸ்

எந்தப் பட்டறையிலும் இன்சூரன்ஸ் வேலைக்குத்தான் முதலிடம், பழைய கார் மூலைக்குப் போகும். கூலியை மூன்றாகப் பேசுங்கள்: வெட்டி வெல்டு வைத்ததும் ஒரு பங்கு, பிரைமர் ஏறியதும் ஒரு பங்கு, வண்டி வெளியே வரும்போது மீதி. தகடு, பிரைமர், பெயிண்ட் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

முதல் பங்கைக் கொடுக்கும் முன் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) தடவாத வெறும் தகட்டை நேரில் பார்த்துவிடுங்கள். பட்டி ஏறியபின் பார்த்தால் வெல்டா, நியூஸ் பேப்பரா என்று தெரியாது. சந்தேகம் வந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கதவின் அடிவிளிம்பில் வைத்துப் பாருங்கள். வழுக்கி விழுந்தால் அங்கே தகடு இல்லை, அல்லது தடிமனாகப் பட்டி ஏறியிருக்கிறது.