முக அக்கி: புண் ஆறியும் வலி போகாமல் இருக்க நாம் செய்யும் தவறுகள்

நெற்றியின் ஒரு பக்கம் மட்டும் சுரீர் சுரீரென்று குத்தும். தலை வாரினால் சீப்பு பட்ட இடம் எரியும். கண்ணாடியில் பார்த்தால் தோலில் ஒன்றுமே இருக்காது. ஒற்றைத் தலைவலி, சைனஸ், பல்வலி என்று ஆளுக்கொரு பெயர் சொல்லி இரண்டு மூன்று நாள் ஓடிவிடும். பிறகு புருவத்துக்கு மேலே கொப்புளம் கிளம்பும்போதுதான் அக்கி என்று புரியும்.

சின்னம்மை வந்துபோன உடம்பில் அந்த வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு ஒளிந்திருந்து மறுபடி எழுவதுதான் அக்கி. தோலில் தெரிவது பாதி நோய். மீதிப் பாதி நரம்புக்குள் நடக்கிறது. புண் காய்ந்து மூன்று மாதம் தாண்டியும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்பார்கள்.

யாருக்கு அது தங்கும்? வயது முதல் காரணம். ஐம்பதுக்கு மேல் ஏற ஏற ஆபத்தும் ஏறும். கொப்புளத்துக்கு முன்பே வலி வந்தவர்கள், ஆரம்ப வலி கடுமையாக இருந்தவர்கள், கொப்புளம் அடர்த்தியாகப் பரவியவர்கள், கண்ணையும் நெற்றியையும் சார்ந்த நரம்பில் அக்கி வந்தவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். சர்க்கரை நோயையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே மருத்துவரிடம் கொப்புளத்தைக் காட்டினால் மட்டும் போதாது. “வலி எப்போது தொடங்கியது, தூக்கம் கெடுகிறதா” என்பதையும் நாமே சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை.

பெரிய தவறு, “தானாக அடங்கிவிடும்” என்று காத்திருப்பது. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. ஆரம்ப வலியையும் புண்ணையும் சீக்கிரம் அடக்கும். நீண்டகால வலியே வராது என்று உத்தரவாதம் தராது. நேரம் தாண்டிவிட்டது என்று விட்டுவிடுவதும் தவறுதான்: கண் பாதித்திருந்தாலோ புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தாலோ அதற்குப் பிறகும் கொடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மூக்கு நுனியில் ஒரே ஒரு கொப்புளம் வந்தாலும் அலட்சியம் வேண்டாம். அந்த இடத்துக்கும் கண்ணுக்கும் போகும் நரம்பு ஒன்றே. அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நீங்களாக விட்டுக்கொள்ளாதீர்கள். காதில் கொப்புளத்தோடு வாய் ஒரு பக்கம் கோணினால் அதுவும் அவசரம்தான்.

பாராசிட்டமாலில் அடங்காத வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதில் எனக்கு எந்தப் பெருமையும் தெரியவில்லை. நரம்பு வலிக்குத் தனி மருந்துகள் உண்டு: கேபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின். இவற்றை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள், பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். மூன்றே நாளில் “கேட்கவில்லை” என்று நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். வயதானவர்களுக்குத் தலைசுற்றலும் தூக்கமும் வரும், இரவில் எழும்போது கவனம். மிளகாய்ச் சத்து கலந்த கேப்சைசின் களிம்பைக் கண்ணருகே தடவாதீர்கள்.

ஒருமுறை வந்தால் இனி வராது என்பதும் தப்புக் கணக்கு. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடும் தடுப்பூசி இருக்கிறது. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் அது அடங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். இருக்கிற வலியை அது தீர்க்காது.