கரை அறுக்கும் ஆற்றுக்குக் கம்பிக்கூடை கட்டும் முறை

குடியாத்தம் பக்கம் கவுண்டன்யா ஆற்றை ஒட்டிக் கழனி வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சுவர் எவ்வளவு உயரம் போடணும்?" என்பதுதான். உயரத்தை அப்புறம் பேசலாம், ஆழத்தைக் கேளுங்கள் என்பேன். ஆற்று வேலைகளில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கரை மேலிருந்து இடிந்து நான் பார்த்தது குறைவு. வளைவின் வெளிப்பக்கத்தில் வெள்ளம் அடிமணலை அரித்துக்கொண்டு போகும்; அடி போன கரை தானாகச் சரியும். ஓரத்தில் நிற்கும் தென்னையும் அதோடு போகும். அந்த அடியைக் காக்கத்தான் கல் நிரப்பிய கம்பி வலைக் கூடைகளை அடுக்கிச் சுவராகக் கட்டுகிறோம்.

வருஷத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கிற ஆறுதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். 1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்து ஏராளமானோர் இறந்தார்கள். 2021 நவம்பர் வெள்ளத்தை நாமே பார்த்தோம். அடுத்த மாதமே முகுந்தராயபுரத்துக்கும் திருவலத்துக்கும் இடையே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் பழுது கண்டு ரயில்களை நிறுத்தினார்கள். இந்த வறட்சி நமக்கு ஒரு வகையில் வசதி. மே மாதத்தில் படுகையைத் தோண்டி அடியில் வேலை செய்யலாம். ஜூலை, ஆகஸ்டில் சாயங்கால மழை வந்துவிட்டால் தோண்டிய குழி மூடிக்கொள்ளும்.

முதல் வேலை சர்வே. தாலுகா சர்வேயரை வைத்து எஃப்.எம்.பி. படத்தோடு (உங்கள் நிலத்தின் அளவு வரைபடம்) எல்லைக்கல் காட்டச் சொல்லுங்கள். ஆறு புறம்போக்கு, அதில் எது கட்டினாலும் நீர்வளத்துறையிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். படுகையிலிருந்து மணலோ கல்லோ எடுக்கக்கூடாது, அது தனி வழக்கு. போன நிலத்தை மீட்கிறேன் என்று ஆற்றுக்குள் தள்ளிக் கட்டவும் கூடாது. எதிர்க்கரைக்காரன் கழனியை அறுத்துவிட்டு அவனோடு காலம் முழுக்கப் பஞ்சாயத்துப் பேச வேண்டியிருக்கும். இன்றைக்குக் கரை எங்கே இருக்கிறதோ அந்தக் கோட்டிலேயே கட்டுங்கள்.

வெள்ளம் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று கண்டுபிடிப்பதுதான் இதில் மூளை வேலை. லேசி என்ற பாசனப் பொறியாளர் 1930 வாக்கில் கொடுத்த கணக்கை இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்கு எத்தனை கன மீட்டர் தண்ணீர் போகிறது என்பதை எடுத்து, அதன் வர்க்கத்தை வண்டல் எண்ணால் (மணலின் பருமனைப் பொறுத்த எண்) வகுத்து, கனமூலம் எடுத்து, 1.35-ஆல் பெருக்க வேண்டும். மீட்டருக்கு 4 கன மீட்டர் ஓடுகிறது, மணல் சராசரி 1 மில்லிமீட்டர் என்றால் வண்டல் எண் 1.76, விடை சுமார் 2.8 மீட்டர். இது வெள்ள மட்டத்திலிருந்து கீழே அளப்பது. வளைவில் அரிப்பு கூடும் என்பதால் ஒன்றரை மடங்காக்கினால் 4.2 மீட்டர். வெள்ளத்தில் தண்ணீர் 2.5 மீட்டர் உயரம் போகிற இடமென்றால், படுகைக்குக் கீழே 1.7 மீட்டர் வரை அரிக்கும். கணக்கு வராதவர்கள் பக்கத்துப் பாலத் தூணின் அடியையும், வளைவில் வெள்ளம் விட்டுப்போன பள்ளத்தையும், வேர் தெரிய நிற்கும் மரங்களையும் பாருங்கள். ஊர்ப் பெரியவர்களையும் விசாரியுங்கள். வெள்ள மட்டத்தைக் கோயில் சுவரில் விரல் வைத்துக் காட்டுவார்கள்.

என் பங்காளி மகன் கேட்டான்: "பெரியப்பா, இவ்ளோ எதுக்கு? ஒரு கான்கிரீட் சுவரா எழுப்பிடலாமே?" வெள்ளம் வடியும்போது ஆற்று மட்டம் சட்டென்று இறங்கும், கரைக்குள் ஊறிய தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அது பின்னாலிருந்து தள்ளும். வடிகால் துளை இல்லாத சுவர் வெள்ளத்தில் நின்றுவிட்டு, வடியும்போது விழும். கம்பிக்கூடையில் தண்ணீர் கசிந்து வெளியே வந்துவிடும். அடியில் மண் கொஞ்சம் இறங்கினாலும் கூடை வளைந்து கொடுக்கும், விரிசல் விடாது. வெறும் கல்லைக் கொட்டினால் போதாதா என்று இன்னொருவர் கேட்டார். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அதைத் தாங்க வேண்டிய தனிக்கல்லின் எடை 64 மடங்காகும். அந்தக் கல்லை எந்த டிப்பரில் கொண்டுவருவது?

கூடை வாங்கும்போது இரட்டை முறுக்குப் போட்ட அறுகோணக் கண்ணி கேளுங்கள். 10-க்கு 12 சென்டிமீட்டர் கண், 2.7 மில்லிமீட்டர் கம்பி, நல்ல துத்தநாகப் பூச்சு. கோழிக்கூண்டு வலையைக் காட்டி இதுவும் அதுதான் என்பார்கள், நம்பாதீர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மாதிரி தோல் பதனிடும் கழிவு கலக்கிற இடங்களில் உப்பு துத்தநாகத்தைத் தின்றுவிடும், அங்கே பி.வி.சி. உறை போட்ட கம்பியே சரி. கல் கருங்கல்லாக, 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். சுத்தியால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சுக்கான் கல் நனைந்து காய்ந்து பொடியாகும், வேண்டாம்.

இருபது மீட்டர் நீளக் கரைக்குக் கணக்குச் சொல்கிறேன். கீழ் அடுக்கு 2 மீட்டர் அகலம், நடு அடுக்கு ஒன்றரை, மேல் அடுக்கு 1 மீட்டர். உயரம் மூன்றுக்கும் 1 மீட்டர். மொத்தம் 90 கன மீட்டர், நம் யூனிட் கணக்கில் (யூனிட் என்றால் 100 கன அடி) கிட்டத்தட்ட 32 யூனிட் கல். அடியிலிருக்கும் கூடை முழுக்கப் படுகைக்குள் புதைந்திருக்க வேண்டும். அதன் முன்னால், படுகை மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 30 சென்டிமீட்டர் தடிமனில் 3 மீட்டர் அகலத்துக்குக் கல் நிரப்பிய கம்பிப் பாய் விரித்து, கூடையோடு சேர்த்துக் கட்டுங்கள். இதற்கு இன்னும் 6, 7 யூனிட் ஆகும். 1.7 மீட்டர் அரிப்புக்கு அதன் ஒன்றரை மடங்குக்குக் குறையாத பாய் என்பதால் 3 மீட்டர் வைத்தேன். வெள்ளம் முன்னால் குழி பறிக்கும்போது பாய் அந்தக் குழிக்குள் மடிந்து இறங்கி, கூடையின் அடியை மூடிக்கொள்ளும். செலவைக் குறைக்கச் சொல்லும்போது எல்லாரும் முதலில் வெட்டுவது இந்தப் பாயைத்தான், கண்ணுக்குத் தெரியாத சமாச்சாரம் பாருங்கள். குறைத்தே ஆக வேண்டுமென்றால் மேல் அடுக்கை நிறுத்தி அங்கே மண் சரிவு விடுங்கள், பாயில் கை வைக்காதீர்கள்.

கூடைக்குப் பின்னாலும் அடியிலும் 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 200 கிராம்) ஜியோடெக்ஸ்டைல் துணி வேண்டும். தண்ணீரை விடும், மண்ணை விடாது. காசு மிச்சமென்று உரச்சாக்கோ தார்ப்பாயோ போட்டால், சாக்கு கிழிந்து மண் போகும், தார்ப்பாய் தண்ணீரைத் தேக்கிச் சுவரைத் தள்ளும்.

நிரப்பும் வேலையை ஜேசிபி-காரரிடம் விட்டுவிட்டு டீக்குப் போகாதீர்கள். காலிக் கூடைகளை வரிசையாக வைத்து, பக்கத்துக் கூடையோடு கட்டி, முனையை இழுத்து நேராக்கிய பிறகுதான் கல். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் முன்முகத்தையும் பின்முகத்தையும் குறுக்குக் கம்பியால் பிணைக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கில் மறுபடியும். இல்லையென்றால் முகம் வயிறு தள்ளும். வெளிமுகக் கல்லைக் கையால் அடுக்குங்கள், உள்ளே கொட்டலாம். கல் போகப்போக அமரும் என்பதால் விளிம்புக்கு மேலே மூன்று, நாலு சென்டிமீட்டர் கூடுதலாக நிரப்பி மூடியைக் கட்டுங்கள். கட்டுக்கம்பி ஒரு சுற்று, அடுத்து இரட்டைச் சுற்று என்று மாறி மாறிப் போக வேண்டும். சுவர் முழுக்கக் கரைப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும், மீட்டர் உயரத்துக்குப் பத்து சென்டிமீட்டர் போல.

இரண்டு முனைகளையும் கரைக்குள் இரண்டு, மூன்று மீட்டர் திருப்பிப் புதைக்க வேண்டும். தண்ணீர் வரும் பக்கத்து முனையை அப்படியே விட்டால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் புகுந்து, சுவர் நடு ஆற்றில் தனியாக நிற்கும். குடியாத்தம் பக்கமே ஒரு கரையில் அப்படி நிற்கிறது.

மேல் சரிவில் வெட்டிவேரை ஒரு சாண் இடைவெளிக்குள் வரிசையாக நடுங்கள். அதற்கு மேலே நொச்சிக் குச்சி, நட்டால் பிழைக்கும். தென்னை ஓரத்தில் வேண்டாம். சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் வெள்ள நேரத்துக்கு மட்டும்தான். வெயிலில் சாக்கு சில மாதங்களில் நைந்துவிடும்.

கவுண்டன்யா ஆற்றின் மேலே இருக்கும் மோர்தானா அணை நிரம்பி வழிந்து, தண்ணீர் வடிந்ததும் கடப்பாரையோடு போய்ப் பாருங்கள். பாய் எங்கே இறங்கியிருக்கிறது, கூடைக்குப் பின்னால் மண் உள்வாங்கியிருக்கிறதா, கம்பி எங்காவது அறுந்திருக்கிறதா என்று. பாய் இறங்கியிருந்தால் பதற வேண்டாம், அதற்காகத்தான் போட்டோம். இறங்கிய இடத்தில் மேலே கல் சேர்த்தால் போதும். அறுந்த கண்ணியை அன்றைக்கே தைத்துவிடுங்கள். அடுத்த வெள்ளத்தில் கல் அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். கட்டுக்கம்பி ஒரு சுருளும் ஒரு கொறடும் மோட்டார் கொட்டகையில் எப்போதும் இருக்கட்டும்.