மொத்தத்தின் மேல் மொத்தம்: தானியங்கி மின்னஞ்சல் அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கோத்தகிரியில், தேயிலையும் தைலமும் தபாலில் விற்கும் ஒரு சிறிய நிறுவனத்துக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான இளம்பெண் ஒருவர் தன் எக்செல் தாளைத் திறந்து காட்டினார். "வரவேற்பு மடல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, அண்ணா" என்றார். அந்தப் பத்தியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் நான் செய்த அதே தவறு, வரி மாறாமல் அங்கே இருந்தது.

கடவுச்சொல்லைத் தப்பாகக் கொடுப்பது, கட்டளையில் எழுத்துப்பிழை விடுவது போன்றவற்றை நான் இங்கே பேசவில்லை. அவை உடனே சிவப்பு எழுத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பிழையும் காட்டாமல் அழகான வரைபடமாக வந்து நிற்கிற தவறுகள்தான் பணத்தைத் தின்கின்றன.

'இதுவரை' என்பதை 'இன்று' என்று படிப்பது

பொங்கல் தள்ளுபடி மடல் எல்லோருக்கும் ஒரே நாளில் போகும். சில நாட்களில் அதன் கணக்கு அடங்கிவிடும். தானியங்கி மடல் அப்படியில்லை. புதிதாக ஒருவர் பதிவு செய்யும்போது, பிறந்தநாள் வரும்போது, கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போகும்போது என்று அது போய்க்கொண்டே இருக்கும். அதற்கு முடிவு நாள் கிடையாது. ஆகவே மடல் அனுப்பும் மென்பொருளிடம் ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு மென்பொருளிடம் தகவல் கேட்டு வாங்கும் வாசல்) வழியாக அறிக்கை கேட்டால், பெரும்பாலும் அந்த மடலைத் தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்தம்தான் வரும். எண்ணுக்கு மேலே 'தொடக்கத்திலிருந்து' என்று எழுதியிருக்காது. வெறுமனே 'அனுப்பியவை 431' என்றுதான் இருக்கும்.

என் ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சிறு நிரல், தினமும் காலை ஆறு மணிக்கு அந்த எண்ணை எடுத்து ஒரு வரி சேர்க்கும். மாதக் கடைசியில் நான் பத்தியைக் கூட்டுவேன். திங்கள் 412, செவ்வாய் 419, புதன் 431 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 1,262. உண்மையில் அந்த மடல் பிறந்த நாள் முதல் போனதே 431தான். செவ்வாய்க்குப் புதிதாக 7, புதனுக்கு 12. முப்பது நாள் இப்படிக் கூட்டினால் என்ன ஆகும்? மடல் வழியாக வந்த விற்பனைத் தொகையையும் நான் இப்படித்தான் கூட்டினேன்.

அந்த அறிக்கையை நம்பி, டிசம்பர், ஜனவரி பனிக்காலத் தேயிலைக்காக முதலாளி அச்சிட்ட டின்களுக்கு முன்பணம் கொடுத்தார். பொங்கல் கழிந்தும் டின்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அவர் என்னைத் திட்டவில்லை. வங்கிக் கணக்கு அறிக்கையை என் தாளுக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தப் பணம் எங்கே, தம்பி?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் அப்பா சிறு தேயிலை விவசாயி. பசுந்தேயிலை எடை எழுதும் அவருடைய நோட்டில் 'இன்று', 'இதுவரை' என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டாவது பத்தியை அவர் ஒருநாளும் கூட்டியதில்லை. அதன் கடைசி வரியைப் பார்ப்பார், அவ்வளவுதான். வீட்டிலேயே இருந்த இந்தக் கணக்கை அலுவலகத்தில் மறந்தேன் என்பது இன்றும் எனக்கு ஆறாத எரிச்சல்.

செய்ய வேண்டியது இதுதான். தினமும் ஒரே நேரத்தில் மொத்தத்தை எடுத்து, எடுத்த தேதி, நேரத்தோடு தனி வரியாகச் சேமியுங்கள். பழைய வரியை அழித்து எழுதாதீர்கள். இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழித்தால் கிடைப்பதுதான் நாள் கணக்கு. எங்கள் மலையில் ஐப்பசி மழைக்கு மரம் சாய்ந்து மின்சாரமும் இணையமும் போகும். அன்று ஸ்கிரிப்ட் ஓடாது. மறுநாள் வரும் வித்தியாசம் இரண்டு நாளுக்கானது என்று குறித்து வையுங்கள். விட்டுப்போன நாளுக்குப் பூஜ்யம் போட்டால் அது பொய்க் கணக்கு. கழித்தலில் எப்போதாவது எதிர்மறை எண் வந்தாலும் அதை மறைக்காமல், மென்பொருள் பக்கம் எது திருத்தப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று தேடுங்கள்.

இன்னொரு பள்ளமும் இங்கேயே இருக்கிறது. புதனன்று 12 மடல் போய், புதனன்றே 15 பேர் திறந்ததாக வரலாம். திறப்பு விகிதம் 125 சதவீதம்! போன வாரம் மடல் பெற்றவர்கள் இன்று திறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். விகிதம் வேண்டுமென்றால் பெறுநர்வாரி விவரத்தை எடுத்து, ஒரே வாரத்தில் சேர்ந்தவர்களை ஒரு குழுவாக வைத்து, அவரவர் மடல் பெற்று ஏழு நாளில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

கோத்தகிரிப் பெண் நல்லவேளையாக எந்த வரியையும் அழித்திருக்கவில்லை. அரை மணி நேரத்தில் கழித்து எடுத்துவிட்டோம். எண்கள் மிகச் சிறியவையாக இருந்தன. அன்று மாலையே அதை முதலாளிக்கு அனுப்பினார்.

திறப்பை வைத்துக் கொள்முதல் செய்வது

மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இருக்கும். அது இறக்கப்பட்டால் 'திறந்தார்' என்று பதிவாகும். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியை இயக்கியவருக்கு, அவர் மடலைத் திறக்காவிட்டாலும் படம் முன்கூட்டியே இறக்கப்படும். எதிர்ப்பக்கமும் உண்டு: சுமார் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை ஜிமெயில் வெட்டிக் காட்டும், படம் மடலின் அடியில் இருந்தால், படித்தவரும் கணக்கில் வரமாட்டார். கிளிக்கும் முழுச் சுத்தமில்லை, சில நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள் இணைப்புகளைத் தானே தட்டிப் பார்க்கிறது. நான் கடைசியில் நம்புவது ஆர்டர் பட்டியலை மட்டுமே.

சதவீதங்களுக்குச் சராசரி எடுப்பது

கூடாது. எண்ணிக்கைகளைக் கூட்டிவிட்டு வகுங்கள்.

முதல் பக்கத்தோடு நிற்பது

மடல் அனுப்பும் சேவையான மெயில்சிம்ப்பில் எண்ணிக்கை குறிப்பிடாமல் பட்டியல் கேட்டால் 10 பதிவுகள்தான் வரும். ஒரு முறைக்கு உச்சவரம்பு 1,000. பதிலிலேயே வரும் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, தீரும்வரை எடுங்கள்.

ஏபிஐ கீயை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவது

வேண்டாம். மென்பொருளுக்குள் நுழையவிடும் ரகசியக் குறியீடு, வீட்டுச் சாவி மாதிரி அது.

நேரத்தை மாற்றாமல் தேதி பிரிப்பது

மென்பொருள் தரும் நேரம் பெரும்பாலும் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஒன்றாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு இங்கிருந்து போன மடல், அங்கே முந்தைய மாதத்தின் கடைசி நாள் இரவு 11.30க்குப் பதிவாகியிருக்கும். முதலில் நேரத்தை மாற்றுங்கள், பிறகு மாதம் பிரியுங்கள்.